தெளிந்து வந்த காவிரி

வள்ளல் மாய்ந்தால் அவன் வாயிலில் உண்டு வளர்ந்தோர் பாடி அழுதல் பழந்தமிழ் மரபு. பாணன் யாழைக் கீழே வைப்பான். விறலி சூடிய பூவைக் களைவாள். கூட்டத்தில் மூத்த புலவன் எழுந்து, கொடுத்த கையின் பெருமையையும் அக்கை ஓய்ந்தபின் வந்த வெறுமையையும் ஒருசேரச் சொல்லுவான். யாம் இன்று பாடும் வள்ளலுக்கு முடியில்லை, கொடியில்லை, மெய்க்கீர்த்தி பொறித்த கல் ஒன்றும் இல்லை. ஆயினும் சோழநாட்டுக்குச் சோற்றுநாடு என்னும் பெயரை ஈட்டித் தந்தது அவ்வள்ளலே. ஆடிதோறும் அழையாமல் வந்து, வாங்குவோர் குலமும் குணமும் பாராமல் ஈந்து, ஈந்த சுவடு தெரியாமல் வரப்புக்குள் அடங்கிக் கிடந்தது. காவிரி சுமந்து வந்த வண்டலே, நின்னையே பாடுகின்றோம். நீ மாய்ந்த நாளில் பறை முழங்கவில்லை. நின்னைச் சுமந்து செல்ல நால்வர் வரவில்லை. இழந்தோம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. விளைச்சல் அப்போது கூடிக்கொண்டிருந்தது.

நின் பிறப்பு மேற்கே. குடகு மலையின் பாறை பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, வெடித்தது. காற்றிலிருந்த கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கிய மழை அவ்வெடிப்புக்குள் புகுந்து, கல்லினுள் கிடந்த பெல்ஸ்பார் மணிகளை ஊழி ஊழியாக அரித்துக் களியாக்கியது. வேர்கள் நெகிழ்த்தின, பாசிகள் பற்றின, உதிர்ந்த இலைகள் மட்கி நிறம் ஏற்றின. மலைக்காடு நின்னைப் பெற்று, மடியில் வைத்துக் காத்து, மிகுந்ததை மட்டும் ஆற்றிடம் விட்டது. தலைக்காவிரியில் ஊற்றாய்த் தொடங்கிய நீரோடு ஏமாவதியும் கபினியும் கூடின. பின்னர்ப் பவானியும் நொய்யலும் அமராவதியும் தத்தம் நிலத்து மண்ணைக் கொணர்ந்து சேர்த்தன. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நெடுவழியில் அந்நீர் செந்நிறம் கொண்டது. அந்நிறத்தை எங்கள் முன்னோர் அழுக்கென்று எண்ணியதில்லை. ஆடிப் பதினெட்டில் படித்துறையில் நின்று, காதோலை கருகமணி விட்டு, காப்பரிசியும் சித்திரான்னமும் படைத்து, புதுச்சரடு கட்டிக்கொண்ட பெண்கள் கும்பிட்டது அந்தக் கலங்கலைத்தான். காவிரி சூலுற்று வருகிறாள் என்றனர். மசக்கைக்காரிக்குப் புளிப்பும் இனிப்பும் கொடுத்தனர். அச்சூல் நீயே.

கல்லணைக்கு வந்ததும் ஆறு நான்காய்ப் பிரியும்; வேகம் தணியும். வேகம் தணிந்த நீர் தன் சுமையை முறை தவறாமல் இறக்கும். பருமணல் ஆற்றுப் படுகையிலேயே விழும். நுண்மணலும் பொடிமண்ணும் கரையோரத்தில் தங்கும். அங்கே திருவையாற்றில் வாழை தழைத்தது, கும்பகோணத்துக் கொடிக்காலில் வெற்றிலை படர்ந்தது. எல்லாவற்றிலும் நுண்ணிய களியாகிய நீயோ கலங்கிய நீரிலேயே மிதந்து, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, வெட்டாறு, வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து, வாய்க்காலில் புகுந்து, கன்னி வாய்க்காலில் நுழைந்து, மடைதோறும் தயங்கி, வயலுக்கு வயல் வழிந்து, நாற்றின் தூரடியில் மெல்லப் படிந்தாய். மறுநாள் காலையில் நீர் தெளிந்திருக்கும். சேற்றின்மேல் விரல் வைத்தால் வழுக்கும். ஓராண்டில் நீ இட்டது அளக்க இயலாத மென்படலம். ஆயினும் ஆயிரம் ஆண்டு படலத்தின்மேல் படலமாய்ப் படிந்துதான் இவ்வளநாடு உருவாயிற்று. நின்மேல் நின்றே இராசராசன் கற்றளி எடுத்தான். நின்னை நம்பியே கோயில்தோறும் விளக்குக்கும் அமுதுக்கும் நிலம் எழுதி வைத்தனர்.

நின்னோடு வந்த மணல் செய்த குறும்பும் உண்டு. ஆற்றின் அடி உயர்ந்தது. காவிரியில் ஏற வேண்டிய நீர் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. தஞ்சை வாய்க்கால்கள் வறண்டன. அதைத் திருத்தவே ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டுவித்தார். ஊராரும் சும்மா இருந்ததில்லை. சித்திரை வந்தால் குடிமராமத்து முறையில் வீட்டுக்கு ஓர் ஆளாய் வாய்க்காலில் இறங்கித் தூர் வாரினர்; வாரிய வண்டலை வண்டியில் ஏற்றி மேட்டு வயலில் கொட்டினர். ஆற்றில் தங்கினால் தொல்லை, வயலில் தங்கினால் செல்வம் என்று நின்னை அறிந்திருந்தனர். நினக்கு உரிய இடத்தில் நின்னைக் கொண்டு சேர்ப்பதே அக்காலத்து உழவின் பாதி வேலை.

நின் மெய்யின் இயல்பை நிலநூல் வல்லோர் ஆய்ந்து சொன்னபோது வியப்பினும் துயரமே மிகுந்தது. இத்துணை நுட்பம் காலடியில் கிடந்ததா என்று. 0.002 மில்லிமீட்டரினும் சிறியது களியின் துகள். கண்ணுக்கு எட்டாத அத்துகளின் முகத்தில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் சாம்பல் சத்தும் அம்மோனிய வடிவில் உள்ள தழைச்சத்தும் நேர்மின்னேற்றம் உடையன. ஆதலால் மழையில் கரைந்தோட இருந்தவற்றை நீ பற்றி வைத்தாய். வேர் வந்து தன்னிடமுள்ள நீரகத் துகளைக் கொடுத்து ஒன்றைக் கேட்டால், பற்றியதை விட்டாய். பற்றவும் தெரிந்து, கேட்டவர்க்கு விடவும் தெரிந்தவனையன்றோ வள்ளல் என்பர்! சாணமும் தழையும் மட்கிய கரும்பொருள் நின்னோடு கலந்தபோது அத்திறம் பன்மடங்காயிற்று. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அதில் ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்று. நின் செல்வத்தின் பாதி, பிறர் வந்து தங்க நீ விட்டுவைத்த இடமே.

அவ்விடத்தில் குடியிருந்தது மண்புழுவாகிய நாங்கூழ். மண்ணை உண்டு மண்ணையே உமிழ்ந்து, மேலதைக் கீழும் கீழதை மேலுமாக்கி, ஏரும் எருதும் இன்றி உழுத உயிர் அது. சார்லஸ் டார்வின் தம் வாழ்வின் இறுதி நூலை, 1881-இல், அப்புழுவுக்கே எழுதினார். பத்தாண்டு கழித்து 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை, ஒரு பாத்திரத்தை மண்ணை நோக்கிக் குனிய வைத்து, அப்புழுவை உழவர்க்கெல்லாம் மேலாகப் போற்றச் செய்தார். ஆங்கிலத் தோட்டத்து அறிஞனும் திருவனந்தபுரத்துப் பேராசிரியரும் ஒரே புழுவின்முன் தலை வணங்கிய அந்நாளில், தஞ்சை வயலில் ஏர் ஓடிய சாலில் கொக்கும் மைனாவும் வரிசை கட்டி நடந்தன. இன்று பல வயல்களில் டிராக்டரின் பின்னால் புகைதான் தொடர்கிறது. பறவைகள் மறந்து போகவில்லை. அவற்றுக்கு அங்கே உணவில்லை.

நின்னோடு நாங்கள் வாழ்ந்த ஆண்டை எண்ணிப் பார்க்கின்றோம். சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவர். வெயில் முற்றிக் களி வாய் பிளந்து கிடக்கும். அப்பிளவில் மேல்மண்ணின் பொடியும் சருகும் சாணமும் விழும். மழை வந்ததும் வாய் மூடும். நீ நின்னையே உழுதுகொண்ட பருவம் அது. கோடை மழையின் முதல் துளியில் எழுந்த மணம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சேர்த்து வைத்த மணம். கோடையில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவர். அறுத்த தாளில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலிலேயே கிடை கட்டுவர். புழுக்கையும் மூத்திரமும் ஒருங்கே மண்ணில் சேரும். அடுத்த இரவு அடுத்த வயல். நடவுக்குமுன் கொழிஞ்சியும் எருக்கும் ஆடாதோடையும் வேம்பும் புங்கும் வெட்டி வந்து சேற்றில் மிதிப்பர். சேடை கட்டி, தொளி உழுது, பரம்படித்து, அண்டை வெட்டிய வயலில் பெண்கள் குனிந்து நட்ட நாற்று மூன்றாம் நாள் வேர் பிடிக்கும்.

தையில் அறுவடை. அதற்குப் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, அதன் காலடி ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளிப்பர். உழவில்லை, உரமில்லை, பாய்ச்சலில்லை. பனியையும் நின்னிடம் எஞ்சிய ஈரத்தையும் கொண்டே அப்பயறு விளையும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்த தழைச்சத்தைப் பிடித்து நினக்குத் தரும். நெல் வாங்கியதைப் பயறு திருப்பித் தந்தது. வாங்குதலும் தருதலும் ஓராண்டுக்குள்ளேயே கணக்குத் தீர்ந்தன. கடன் மிஞ்சிய ஆண்டில் காவிரி வந்து அடைத்தது.

இவ்வளவும் சொல்லி ஒன்றை மறைத்தால் இப்பாட்டு பொய்யாகும். நீ வேறுபாடு பாராமல் பரந்தாய். நின்மேல் வரப்புப் போட்டோர் பார்த்தனர். வேலிக் கணக்கில் நிலம் சிலரிடம் இருந்தது. நின்னை மிதித்து, நின்னில் குனிந்து, நின் ஈரத்தில் விரலிடுக்குப் புண்ணானோர்க்கு வீட்டுமனையும் சொந்தமில்லை. தவறு கண்டால் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாய் இருந்த பண்ணைகள் இம்மண்ணில்தான் இருந்தன. பண்ணையாள்களைக் காக்கச் சட்டம் 1952-இல் வந்தது. புதிய விதையால் களத்தில் குவியல் உயர்ந்தபின்னும் கூலி உயரவில்லை. கேட்டவர்க்குக் கிடைத்தது கீழ்வெண்மணி. 1968 திசம்பர் 25 இரவில், ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நின்னை நன்கறிந்த கைகள் அவை. எந்த வயலில் களி மிகுதி, எந்த மூலையில் உவர் பூக்கும், எந்த மடை நீரில் கலங்கல் நிற்கும் என்னும் அறிவு அக்கைகளில் இருந்தது. பட்டா வேறு பெயரில் இருந்தது. நின் பொருட்டு அழுவோர் முதற்கண் அவர்பொருட்டு அழுக.

இனி நின் சாவைச் சொல்ல வேண்டும். பகைவன் ஒருவன் நின்னைக் கொன்றிருந்தால் அவன் பெயரைச் சொல்லித் தூற்றி மனம் ஆறியிருப்போம். நின்னைக் கொன்றோர் யாவரும் எமக்கு நன்மை செய்ய வந்தோர்.

1924 சூலையில் காவிரி கரை கடந்தது. பாலங்கள் போயின, ஊர்கள் போயின, அவ்வெள்ளத்தின் நினைவு இன்றும் முதியோர் வழிவழி சொல்லும் கதைகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டிலேயே மேட்டூரில் அணை கட்டத் தொடங்கினர். 1934-இல் அது முடிந்தது. 120 அடி வரை நீர் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் அவ்வணையைத் தாழ்த்திப் பேச எங்களுக்கு நா எழாது. வெள்ளத்தைத் தடுத்தது. கார் பொய்த்த ஆண்டிலும் நீர் தந்தது. கல்லணைக் கால்வாய் வழியே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களை நன்செய் ஆக்கியது. மதகு திறக்கும் சூன் 12 என்னும் தேதியை எங்கள் பஞ்சாங்கத்தில் எழுதியது. மேலே 1911-இல் வேலை தொடங்கிய கண்ணம்பாடி அணை ஏற்கெனவே எழுந்திருந்தது; பின்னர்ப் பவானியிலும் கபினியிலும் ஏமாவதியிலும் அணைகள் எழுந்தன. ஓடும் நீரே நின்னைச் சுமக்கும். நிற்கும் நீர் சுமக்காது. தேங்கிய நீரின் அடியில் நீ படிந்தாய். மதகைத் திறந்தபோது நீர் வந்தது, நீ வரவில்லை.

மேட்டூர் நீர் வற்றும் ஆண்டுகளில், மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். அச்சிலைகளைச் சூழ்ந்து வெடித்துக் கிடக்கும் சேறு நீ. தஞ்சைக்கென்று புறப்பட்டு வழியில் சிறைப்பட்ட பல தலைமுறை வண்டல் அது. சுற்றூர் உழவர் அள்ளிச் செல்ல அரசு இசைந்ததுண்டு. அள்ளிய சிறிதளவு அவ்வூர் வயலுக்குச் சேர்ந்தது. கடைமடைக்கு அது சேர வழியில்லை. அணையோ நின்னால் ஆண்டுதோறும் தன் கொள்ளளவை இழக்கின்றது. இங்கே வேண்டியது அங்கே சுமையாயிற்று.

நீர்க்கு வழக்காடினோம். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கம் வைத்து நீரை அளந்த அத்தீர்ப்பில் நினக்குப் பங்கில்லை. இரு மாநிலமும் கனஅடி பேசின; அந்நீர் எதைச் சுமந்து வர வேண்டும் என்பது பேச்சில் வரவில்லை. பேருந்துகள் நின்றன, கடைகள் அடைபட்டன, எல்லையில் தீ எரிந்தது. இத்தனை உரிமைப் போரும் காலி வண்டியின் பொருட்டு நடந்தது. திறந்த மதகில் தெளிந்த நீர் பாய்வதைக் கண்டு மலர் தூவினோம். காவிரி தெளிந்து வந்தால் அவள் வெறுங்கையோடு வருகிறாள் என்று பொருள். அதை அறியாமல் வரவேற்றோம்.

ஆற்றின் கொடை நின்றது. அக்குறையை உரமூட்டை நிரப்பியது. செருமானிய வேதியியலார் லீபிக் 1840-இல் எழுதிய நூல், பயிர் உண்பது தாது உப்புகளே என்றது. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலுக்கு வரம்பு என்னும் விதியை அவர் பரப்பினார். 1909-இல் ஹேபர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். பசி மிகுந்த 1960-களில் இவ்வறிவு தஞ்சைக்கு வந்தது. நாட்டில் முதலில் தேர்ந்த தீவிர வேளாண் மாவட்டங்களுள் தஞ்சாவூர் ஒன்று. 1922 முதல் நெல் ஆய்ந்து வந்த ஆடுதுறை நிலையத்தின் ஏ.டி.டி. 27-உம், பிலிப்பைன்சிலிருந்து 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8-உம் வயலேறின. கப்பலை எதிர்பார்த்துச் சோறுண்ட நாடு தன் களத்திலேயே உண்டது. பசித்த வயிற்றுக்கு வந்த அச்சோற்றை நாங்கள் இகழோம். இகழ்வோர் பசி அறியாதோர்.

ஆயினும் யூரியா நின்னைப் போல் வரவில்லை. நீர் நின்ற நெல்வயலில் மேலே மெல்லிய செம்படலம் ஒன்றே காற்றைக் காணும். அதன்கீழ் காற்றற்ற சாம்பல் நிறச் சேறு. மேலே வீசிய யூரியா அம்மோனியாவாகிச் சிறிது ஆவியாகும். எஞ்சியதில் சிறிது நைட்ரேட்டாகிக் கீழிறங்கும். கீழே காற்றுக்கு ஏங்கும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிக்கொண்டு நைட்ரஜனை மேலே விட்டுவிடும். காற்றிலிருந்து பேருழைப்பால் பிடித்தது காற்றுக்கே திரும்பும். இட்டதில் பாதி கூடப் பயிரைச் சேர்வது அரிது. உழவன் அதைக் கண்டு இன்னும் ஒரு மூட்டை இட்டான். தழைச்சத்து ஒன்றையே கூட்டக் கூட்ட, மற்றவை குறைந்தன. லீபிக் பரப்பிய விதி தவறவில்லை: துத்தநாகம் வரம்பாயிற்று. இலையில் பழுப்புப் புள்ளி விழுந்தது. எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுக என்றனர். இட்டோம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பொட்டலம் வந்தது. நீயோ எல்லாவற்றையும் ஒரு கலங்கலில் கொணர்ந்தாய்.

இதனினும் பெரிய இழப்பு வைக்கோலில் நேர்ந்தது. பழைய சம்பா நெல் ஆளுயரம் நின்றது. மாடு தின்றும் மிஞ்ச வைக்கோல் தந்தது. புதிய நெல் குட்டையாயிற்று. சாயாமல் மணி தாங்கக் குட்டையாவது அதற்கு நன்று. வைக்கோல் குறைந்ததால் மாடு குறைந்தது. மாடு குறைந்ததால் சாணம் குறைந்தது. ஏர் போய் டிராக்டர் வந்தபின் மாட்டுக்கு வேலையே இல்லாமற் போனது. எருக்குழி தூர்ந்தது. டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம் மிதித்த சேற்றின் கீழே, ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில், இறுகிய தளம் ஒன்று கெட்டிப்பட்டது; வேர் அதைத் துளைக்க மாட்டாமல் பக்கவாட்டில் படர்ந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின், நிற்கும் நெல்லின் காலில் தெளித்த உளுந்துமுளை சக்கரத்தில் நசுங்கியது. அதனால் பலர் பயறு தெளிப்பதையே விட்டனர். எஞ்சிய வைக்கோலும் இப்போது வயலில் தங்குவதில்லை. உருளையாய்ச் சுருட்டி லாரியில் ஏற்றி வெளியூர்க்கு விற்கின்றோம். நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு நின் எலும்பை நாங்களே விற்றோம்.

மண்பரிசோதனைச் சீட்டில் கரிமச் சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு என்று எழுதுவர். அச்சொல்லைப் படிக்கும் உழவன் தலையசைத்துச் சீட்டை மடித்து வைக்கிறான். கரிமம் குறைந்த களிக்குக் குருணையாய்த் திரளும் பண்பு போய்விடுகிறது. மழையில் அது குழைகிறது, வெயிலில் கல்லாகிறது. உழுத கட்டி உதிர்வதில்லை. கோடை உழவில் காய்ந்த புழுதியின் பயனை வள்ளுவர் குறளாய்ச் சொன்ன நாட்டில், புழுதியாகப் பொடியும் மண் அரிதாயிற்று.

கடலும் இச்செய்தியை அறிந்துகொண்டது. ஆறு மண் கொணர்ந்த காலத்தில் கடலோரம் வளர்ந்தது. கொணராத காலத்தில் அலை கரையைத் தின்கிறது. ஆற்றிலிருந்த மணலையும் லாரிகள் அள்ளிச் சென்றன. நன்னீரின் அழுத்தம் குறைந்த இடமெல்லாம் உப்புநீர் நிலத்தடியில் உள்ளேறியது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஒரே காலையில் வயல்களை உப்பளமாக்கியது. 2018 நவம்பர் 16-இல் கசா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுச் சென்றது. சோடியம் களித்துகளின் முகத்தில் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு அமர்ந்தால் துகள்கள் கூடி வாழ்வதில்லை, பிரிந்து அடைத்துக்கொள்கின்றன, மேலே நீர் நிற்க, கீழே வேர் தாகத்தால் சாகிறது. அதுவே களர். ஜிப்சம் இட்டு, நன்னீர் தேக்கி, வடித்து, பசுந்தாள் உழுது அதை மாற்றலாம். மாற்றவும் நன்னீர் வேண்டும். மீட்க வருவதும் காவிரியே. அவளே வெறுங்கையோடு வருகிறாள்.

நின்பொருட்டு முன்னமே அழுதோர் இருந்தனர். தஞ்சை இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், கோவில்பட்டி ஆய்வுநிலையத்து வேலையை விட்டு வெளியேறி, ஊர் ஊராய் நடந்து, மண் உயிருடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆழிப்பேரலை உப்பாக்கிய நாகை வயல்களில் தக்கைப்பூண்டும் மட்கும் கொண்டு மண்ணை எழுப்ப உழைத்தார். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து அலைந்த நாள்களில், 2013 திசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைக்கு அருகே பிச்சினிக்காட்டில் மறைந்தார். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல்லை மீட்ட நெல் ஜெயராமன், 2018 திசம்பர் 6 அன்று மறைந்தார். அவர் மீட்ட நெல் பலவற்றின் பெயரிலேயே நின் வரலாறு இருந்தது: உவரைத் தாங்கிய குழியடிச்சான், களரில் நின்ற களர்பாளை, வெள்ளத்தில் தலை நீட்டிய காட்டுயானம். ஒவ்வொரு நெல்லும் ஒவ்வொரு மண்ணுக்குப் பிறந்தது. மண் மாய்ந்தால் நெல்லுக்குப் பிறந்த வீடில்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினர். எண்ணெய்க் கிணறுகள் புதிதாய் வாராமல் அச்சட்டம் தடுக்கலாம். வாராத நின்னை வரவழைக்க அதற்கு ஆற்றல் இல்லை.

வண்டலே, நின்னை மீட்போம் என்று சூள் உரைக்க யாம் வல்லேம் அல்லேம். அணையை உடைக்க இயலாது, உடைத்தலும் அறமன்று. பழைய விளைச்சலுக்குத் திரும்புக என்று பசித்தோரிடம் சொல்ல நா கூசும். யாம் செய்யக் கூடியது சிறிது. கோடையில் வற்றிய குளத்தின் அடியிலுள்ள வண்டலை வயலுக்கு அடித்தல். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில், 45 நாளில் மடக்கி உழுதல். வைக்கோலில் ஒரு பங்கையேனும் வயலில் விடுதல். கீதாரிக்கு வரப்பில் இடம் கொடுத்தல். இயந்திரம் நுழையுமுன் தெளித்த உளுந்தைக் காக்க வழி காணுதல். இவையெல்லாம் செலவு. இவற்றின் பயன் இவ்வாண்டு மூட்டையில் தெரியாது. குத்தகைக்கு உழுபவன் அடுத்த ஆண்டு அவ்வயலில் இருப்பானோ என்பதும் உறுதியில்லை. ஆதலால் இக்கடனை உழுபவன் ஒருவன்மேல் ஏற்றுவது முறையன்று. அவன் விளைத்ததை உண்டோர் அனைவரும் ஏற்க வேண்டிய கடன் இது.

வள்ளலை இழந்த பாணர் சுற்றத்தோடு எழுந்து வேறொரு வள்ளலை நாடிச் செல்வர். அது பழைய வழக்கம். எமக்குச் செல்ல வேறோர் ஆறு இல்லை. ஈராயிரம் ஆண்டு நீ கொடுக்க யாம் வாங்கினோம். மண்ணுக்குக் கொடுப்பது ஆற்றின் வேலை என்றே எண்ணியிருந்தோம். இனி அது எம் வேலை. வாங்கிப் பழகிய கைகள் அதைக் கற்கும்வரை, இந்நிலத்துக் களத்தில் அளக்கும் ஒவ்வொரு மரக்கால் நெல்லும் இறந்தவன் கணக்கில் யாம் எடுக்கும் கடனே.